சங்கு, சைரன், பொத்தான்: கல்கத்தா வீடுகளின் அபயக்குரல்

அந்தி சாயும் வேளையில் வடகல்கத்தாவின் பழைய தெருக்களில் ஏதோ ஒரு வீட்டிலிருந்து சங்கொலி எழும். சற்று நேரத்தில் எதிர்வீட்டிலும், பிறகு அடுத்த சந்திலும் கேட்கும். விளக்கேற்றியதும் வீட்டுப் பெண் சங்கு ஊதுவது வங்க இந்துக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். தமிழ் வாசகருக்கு இது சற்று விநோதமாகத் தோன்றலாம். தமிழகத்தில் சங்கு கோயிலுக்கும் இறுதிச் சடங்குக்கும் உரியது. ஊதுவோரும் பெரும்பாலும் ஆண்களே. வீட்டு மருமகள் அந்தியில் சங்கை எடுத்து ஊதினால் நம் பாட்டிமார் பதறிப்போவார்கள். வங்கத்தில் அது மணவீட்டின் ஒலி, பிள்ளைப்பேற்றின் ஒலி, திருமகளை வரவேற்கும் ஒலி. ஆனால் பூமி அதிர்ந்தால் அதே பெண்கள் பூசையறைக்கு ஓடி அதே சங்கை எடுத்து ஊதுகிறார்கள். மங்கலத்துக்கு ஒரு கருவி, ஆபத்துக்கு வேறொரு கருவி என்ற பிரிவினை அந்த வீடுகளில் இல்லை.

அந்தச் சங்கு வங்கக் கடலின் வடகோடியில் கிடைத்ததன்று. மன்னார் வளைகுடாவிலும் யாழ்ப்பாணக் கடலிலும் குளிகாரர்கள் மூச்சடக்கி எடுத்த சங்குகள் நூற்றாண்டுக் கணக்கில் டாக்காவுக்கும் கல்கத்தாவுக்கும் கப்பலேறின. பெரும்பகுதி வளையல் அறுக்கும் சாங்காரி சமூகத்தாரிடம் போயிற்று. ஊதத் தகுந்தவை முழுச் சங்காகவே விற்கப்பட்டன. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட 'இந்தியாவின் புனிதச் சங்கு' என்னும் நூல் இவ்வணிகத்தை விரிவாகப் பதிவு செய்கிறது. தூத்துக்குடி, கீழக்கரைக் குளிகாரர்களின் நுரையீரல் வலிமைதான் நெடுந்தொலைவில் ஒரு வங்கப் பெண்ணின் அபயக்குரலுக்கு வழிவகுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இன்று அதே நகரில் தனித்து வாழும் முதியோரின் கழுத்தில் தொங்கும் சிறு பொத்தானாகவும், கைபேசியின் ஓரத்திலுள்ள விசையாகவும் அபயக்குரல் உருமாறிவிட்டது. சங்கு, மணி, சைரன், தொலைபேசி, பொத்தான் என்று கருவிகளை வரிசைப்படுத்தி முன்னேற்றக் கதையாக இதனை எழுதிவிடுவது எளிது. அக்கதையில் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. ஒலி எழுந்தபோது ஓடிவந்தவர் யார்? அவர் ஓடிவருவார் என்ற நம்பிக்கை எதன்மீது நின்றது? கல்கத்தா வீடுகளின் பாதுகாப்பு வரலாற்றைக் கேட்பவரின் பக்கமிருந்து வாசித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

சங்குக்கு முகவரி கிடையாது. செவிக்கெட்டும் தொலைவில் யார் இருக்கிறார்களோ அவர்கள் அனைவரையும் அது அழைக்கிறது. என்ன ஆபத்து என்று அது சொல்வதில்லை; வா என்று மட்டும் சொல்கிறது. வந்தபின்தான் தெரியும். இத்தகைய கருவி பயன்பட வேண்டுமானால் ஒருவரையொருவர் அறிந்த ஒரு குடியிருப்பு வேண்டும். வங்கத்தில் அதற்குப் 'பாரா' என்று பெயர். தெருவும் அதன் அக்கம்பக்கமும் சேர்ந்த உறவு வட்டம். நம்மூர்த் திண்ணைக்கு நிகரான 'ரோயாக்' அங்கே வீட்டு முகப்பில் இருந்தது. மாலை முழுவதும் அதில் அமர்ந்து அரட்டையடித்த இளைஞர்களை நற்குடும்பத்தார் வெட்டிப்பயல்கள் என்று திட்டினர். ஆனால் தெருவில் புதுமுகம் நுழைந்தால் முதலில் கண்டவர்கள் அவர்கள்தாம். ஒட்டிக் கட்டிய வீடுகளின் மொட்டைமாடிகள் பெண்களின் உலகம். ஒரு மாடியில் எழுந்த குரல் அடுத்தடுத்த மாடிகளில் கேட்கும். வசதியுள்ள வீடுகள் பிகாரிலிருந்தும் அதற்கு மேற்கேயிருந்தும் வந்த தர்வான்களை வாசலில் நிறுத்தின என்பது வேறு.

காலனி அரசு இந்தக் கேட்கும் பொறுப்பைத் தன்வசம் எடுத்துக்கொள்ள முயன்றது. 1793இல் ஜமீன்தார்களின் காவல் அதிகாரம் நீக்கப்பட்டுத் தாரோகாக்கள் நியமிக்கப்பட்டனர். 1856இல் கல்கத்தாவுக்குக் காவல் ஆணையர் வந்தார். 1870ஆம் ஆண்டுச் சட்டம் கிராமச் சௌக்கிதாரின் சம்பளத்துக்காகக் கிராமத்தாரிடமே வரி வசூலித்தது. 1882 ஜனவரியில் கவுன்சில் ஹவுஸ் தெருவில் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டபோது மிகச் சில வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் மட்டும் நேரடியாகக் கூப்பிடும் வசதி கிட்டியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெருமுனைகளில் சிவப்பு வண்ண இரும்புக் கம்பங்கள் நிறுத்தப்பட்டன. கண்ணாடியை உடைத்துக் கைப்பிடியைச் சுழற்றினால் தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி போகும். அக்கம்பங்களில் சில துருப்பிடித்து இன்றும் நிற்கின்றன. அந்தக் கருவி அண்டை வீட்டாரை அழைக்கவில்லை. தெருவில் ஓசையே எழுப்பாமல் தொலைவிலுள்ள ஓர் அலுவலகத்தை மட்டும் அழைத்தது. இன்றைய பொத்தானின் முன்னோடி சங்கன்று, இந்தக் கம்பமே.

1942 டிசம்பர் 20ஆம் நாள் இரவு ஜப்பானிய விமானங்கள் முதன்முறையாகக் கல்கத்தாவின்மீது குண்டு வீசின. அதற்கு முன்பே நகரம் சைரனுக்குப் பழக்கப்படுத்தப்பட்டிருந்தது. தமிழ் இக்கருவியையும் சங்கு என்றே அழைக்கும். ஆலைச் சங்கு, அபாயச் சங்கு என்ற வழக்குகள் நமக்குத் தெரிந்தவை. வங்காளிகள் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொண்டனர். இரண்டும் ஒன்றல்ல என்பது அவர்கள் காதுக்குத் தெரிந்திருக்கலாம். சைரன் வீட்டாரை ஒளிந்துகொள்ளச் சொல்கிறது. சங்கு அவர்களை வெளியே வரச் சொல்கிறது.

அடுத்த ஆண்டு அந்நகரின் வாசல்களில் வேறொரு குரல் கேட்டது. 1943 பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள் சோறு கேட்கவில்லை. வடித்த கஞ்சியைக் கேட்டனர். 'ஃபேன் தாவோ' என்ற அந்த அழைப்பு தெருத்தெருவாக எழுந்தது. கஞ்சி ஊற்றிய வீடுகள் உண்டு. கதவைச் சாத்திய வீடுகளும் உண்டு. நாள் செல்லச்செல்லப் பின்னவை பெருகின. விமானத் தாக்குதலில் இறந்தவர்கள் சில நூறு பேர் இருக்கலாம். பஞ்சம் வங்கத்தில் ஏறத்தாழ 30 லட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. முன்னதற்குச் சைரன் இருந்தது; பின்னதற்கு அபாய அறிவிப்பு என்று எதுவும் இல்லை. ஒரு நகரம் எழும் குரலைக் கேட்டும் கேளாதிருக்கப் பழகியது என்றால், அப்பழக்கத்தின் விளைவு அந்த ஆண்டோடு முடிந்திருக்குமா? போர், பஞ்சம், கலவரம் ஆகியவற்றை ஒரே தொடராக வாசிக்கும் ஜனம் முகர்ஜியின் 'பசித்த வங்கம்' இக்கேள்வியைத் தவிர்க்க இயலாததாக்குகிறது.

1946 ஆகஸ்ட் 16ஆம் நாள் தொடங்கிய படுகொலையில் நான்கு நாட்களுக்குள் பல்லாயிரம் பேர் மாண்டனர்; வழக்கமாகச் சுட்டப்படும் எண்ணிக்கை 4,000க்கும் மேல். அந்த இரவுகளிலும், அதைத் தொடர்ந்து ஓராண்டுக்கும் மேலாக நீடித்த அச்சத்திலும் மொட்டைமாடிகள் காவல் அரண்களாயின. இந்து வீடுகளிலிருந்து சங்கொலியும் வந்தே மாதரமும், முஸ்லிம் குடியிருப்புகளிலிருந்து தக்பீர் முழக்கமும் எழுந்தன. இரண்டும் 'நாங்கள் விழித்திருக்கிறோம், வாருங்கள்' என்று தம்மவரை அழைத்தவையே. ஆனால் எதிர்த்தெருவில் அதே ஒலி 'தாக்க வருகிறார்கள்' என்று கேட்டது. ஒரு தெருவின் அபயக்குரல் இன்னொரு தெருவின் பீதிக்குக் காரணமாயிற்று. அந்தப் பீதி பதில் முழக்கமாகத் திரும்பி வந்தது. தாக்குதலே நிகழாத இரவுகளிலும் நகரம் உறங்கவில்லை. இரு சமூகத்தாரும் கலந்து வாழ்ந்த பாராக்கள் இக்காலத்தில்தான் கலைந்தன. சங்கு கேட்டு ஓடிவருவோர் யார், சங்கு கேட்டு ஓடிப்போவோர் யார் என்ற கேள்விக்குச் சமயம் விடையளித்தபின் கலப்பு வாழ்வுக்கு இடமேது?

பாரா என்பதை ஏக்கத்தோடு நினைவுகூரும் எழுத்துகள் வங்கத்தில் ஏராளம். அக்கம்பக்கத்தின் காது கூர்மையானது, உண்மை. அது யாருக்காகக் கூர்மையாயிருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அதே 1946இன் இறுதி மாதங்களில் வட வங்கத்துத் தினாஜ்பூரிலும் தெற்கே காக்த்வீப்பிலும் அதே சங்கு வேறொரு பணியாற்றியது. விளைச்சலில் மூன்றில் இரு பங்கு உழுபவருக்கே என்ற தேபாகா போராட்டம் தொடங்கியிருந்தது. ராஜவம்சி, சந்தால், முஸ்லிம் உழவர்கள் அதில் சேர்ந்து நின்றனர். காவல்துறை கிராமத்தை நெருங்குவதைக் கண்டதும் பெண்கள் சங்கு ஊதினர். வெண்கலத் தட்டை அடித்தனர். ஒலி ஊருக்கு ஊர் தாவியது. துடைப்பமும் உலக்கையும் அரிவாள்மனையுமாக அவர்கள் திரண்டனர். பெண்களின் இப்படைகளைப் பற்றிப் பீட்டர் கஸ்டர்ஸ் எழுதிய ஆய்வு, கட்சியின் திட்டமிடலைவிட அவர்களின் தன்னெழுச்சியே இதில் மேலோங்கியிருந்ததைக் காட்டுகிறது. ஆறு பத்தாண்டுகள் கழித்து 2007இல் நந்திகிராமத்திலும் காவலர் வருகையைச் சங்கொலியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் சேர்ந்தே அறிவித்தன. கல்கத்தாவில் பகைத்து நின்ற இரு ஒலிகள் அங்கே ஒரே செய்தியைச் சொன்னது தற்செயலன்று. காக்க வேண்டிய நிலம் அங்கே பொதுவாக இருந்தது.

தேபாகா பெண்கள் இன்னொன்றையும் செய்தனர். ஜமீன்தாரின் ஆளிடமிருந்து நெல்லைக் காக்கத் திரண்டவர்கள், வீட்டுக்குள் கணவன் அடிப்பதைப் பற்றியும் போராட்டக் கூட்டங்களில் கேள்வி எழுப்பினர். தோழர் என்பவர் எதற்காக மனைவியை அடிக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். சங்கின் வரலாற்றில் இது அரிய தருணம். அந்தக் கருவி காலங்காலமாகப் பெண் கையில் இருந்தது. அது அறிவித்த ஆபத்துகளோ வெளியிலிருந்து வந்தவை. கொள்ளையன், போலீஸ், அயலான், நிலநடுக்கம். கணவனோ மாமியாரோ மருமகளை அடிக்கும்போது சங்கெடுத்து ஊதுவது என்பது வழக்கத்தின் எல்லைக்குள்ளேயே இல்லை. அடுத்த வீட்டார் அதைக் 'குடும்ப விவகாரம்' என்று ஒதுக்கினர். வீட்டைக் காக்கும் கருவி, வீட்டிலிருந்து காக்கும் கருவியாக மாறவில்லை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வரை அத்தகைய அபயக்குரலைக் கேட்பதற்கென்று உரிமையியல் சட்டத்தில் தனி ஏற்பாடு இருக்கவில்லை.

1970களின் தொடக்கத்தில் நிலைமை தலைகீழாயிற்று. நக்சல் இளைஞர்களைத் தேடி நள்ளிரவில் பாராக்கள் சுற்றி வளைக்கப்பட்டன. 1971 ஆகஸ்ட் 12, 13 நாட்களில் காசிப்பூர், பராநகர் பகுதிகளில் வீடுவீடாகத் தேடி இளைஞர்கள் கொல்லப்பட்டனர். காவல் நிலையத்தை அழைக்கலாம் என்பது பொருளற்றுப்போன நாட்கள் அவை. நள்ளிரவில் கதவு தட்டப்படும் ஓசையே அன்று அபாய அறிவிப்பு. அதன்பின் வந்த பத்தாண்டுகளில் கல்கத்தா வீடுகளின் முகப்பில் மடக்கு இரும்புக் கதவுகள் பெருகின. உள்பக்கம் பூட்டு தொங்கியது. ரோயாக் இருந்த பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுந்தன. புதிய வரைபடங்களில் திண்ணைக்கு இடமில்லை.

இக்காலத்தில்தான் அமெரிக்காவில் இன்றைய தனியாள் அபாயப் பொத்தான் உருவெடுத்தது. இரு பெயர்களை இங்கே நினைவுகூரலாம். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் செவிலியராகப் பணியாற்றிய கறுப்பினப் பெண் மேரி வான் பிரிட்டன் பிரவுன், கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966இல் வீட்டுப் பாதுகாப்பு அமைப்பொன்றுக்குக் காப்புரிமை கோரினார். 1969இல் அது வழங்கப்பட்டது. வாசலில் நிற்பவரைத் திரையில் காட்டும் கேமரா, பேசும் வசதி, அபாயப் பொத்தான் எல்லாம் அதில் இருந்தன. அழைத்தாலும் காவலர் தாமதமாகவே வரும் பகுதி அது. வேளைகெட்ட வேளையில் அவர் வீட்டில் தனியாக இருக்க நேர்ந்தது. கேட்பவர்மீதிருந்த அவநம்பிக்கையிலிருந்து பிறந்த கருவி அது. மற்றவர், பாஸ்டன் உளவியலாளர் ஆண்ட்ரூ டிப்னர். 1974இல் அவர் தொடங்கிய 'லைஃப்லைன்', தனித்து வாழும் முதியவர் விழுந்தால் அழுத்துவதற்கான பொத்தானைத் தந்தது. அதில் கருவியைவிட முக்கியமானது ஒரு பட்டியல். பொத்தான் அழுத்தப்பட்டதும் மறுமுனையில் இருப்பவர், அந்த முதியவர் முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்த அண்டை வீட்டாரையோ உறவினரையோ அழைப்பார். மின்னணுப் பொத்தானும் கடைசியில் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டியது.

கொல்கத்தாவுக்கு இந்தத் தேவை தாமதமாக வந்தது; ஆனால் கடுமையாக வந்தது. 2001க்கும் 2011க்கும் இடையில் கொல்கத்தா மாவட்டத்தின் மக்கள்தொகை 45.73 லட்சத்திலிருந்து 44.97 லட்சமாகக் குறைந்தது. பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போக, பெரிய வீடுகளில் முதிய தம்பதியரும், பின்னர் அவர்களில் ஒருவரும் எஞ்சினர். 2009இல் கொல்கத்தா காவல்துறை 'தி பெங்கால்' என்ற தொண்டமைப்புடன் சேர்ந்து 'பிரணாம்' திட்டத்தைத் தொடங்கியது. பிரணாம் என்றால் பெரியோரை வணங்குதல். பதிவு செய்துகொண்ட முதியவருக்கு உதவி எண் உண்டு. அதோடு, அந்தப் பகுதிக் காவல் நிலையத்தைச் சேர்ந்தவர் அவ்வப்போது வீட்டுக்கு வந்து நலம் விசாரிப்பார். இந்த இரண்டாம் பகுதியே கவனத்துக்குரியது. பாராவின் பழைய பணியை, வந்து எட்டிப்பார்த்து 'தாதா, எப்படி இருக்கீங்க' என்று கேட்கும் பணியை, சம்பளம் பெறும் காவலர் ஏற்கிறார். சௌக்கிதாருக்கு இதைக் கற்பிக்க 1870இன் சட்டத்துக்குத் தோன்றவில்லை.

நாடு முழுவதற்குமான தீர்வோ வேறு வழியில் சென்றது. 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு கைபேசியிலும் அபாயப் பொத்தான் இருக்க வேண்டும் என்று 2016இல் விதி வகுக்கப்பட்டது. சாதாரணக் கைபேசியில் 5 அல்லது 9ஆம் எண்ணை அழுத்திப் பிடித்தால் போதும். விலை, படிப்பு, மொழி எதுவும் தடையாகாத அருமையான விதி. மறுமுனையில் யார், எத்தனை நிமிடத்தில் வருவார் என்பதைக் கைபேசி உற்பத்தியாளருக்கு விதிக்க முடியாதல்லவா? வந்தாலும் உள்ளே பூட்டிய இரும்புக் கதவைத் திறப்பது யார் என்ற பழைய சிக்கல் வேறு இருக்கிறது. டிப்னரின் பட்டியலில் இருந்த அண்டை வீட்டாரிடம் சாவி இருக்கும். கொல்கத்தா அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் எதிர்வீட்டாரின் பெயரே தெரியாதவர் சாவியை எவரிடம் கொடுப்பார்?

அக்கம்பக்கத்தாரை விலக்கிவைத்த பாதுகாப்பு என்ன விலை கேட்கும் என்பதை இந்நகரம் ஒருமுறை கண்டது. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் டாகுரியா பகுதியிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பற்றியது. புகையை முதலில் கவனித்தவர்கள் மதிலுக்கு அப்பாலிருந்த பஞ்சானந்ததலா குடிசைப்பகுதி இளைஞர்கள். உதவிக்கு ஓடியவர்களை வாயிற்காவலர்கள் திருப்பியனுப்பினர் என்று அவர்கள் பின்னர் கூறினர். ஏறத்தாழ 90 பேர், பெரும்பாலும் எழுந்து நடக்க இயலாத நோயாளிகள், மூச்சுத் திணறி இறந்தனர். அதே இளைஞர்கள்தாம் மூங்கிலும் கயிறும் கொண்டுவந்து எஞ்சியவர்களை இறக்கினர். அவர்களுக்கு எந்தக் கருவியும் ஒலிக்க வேண்டியிருக்கவில்லை.

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பணியிலிருந்த இளம் மருத்துவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 14 நள்ளிரவில் 'இரவை மீட்போம்' என்று பல்லாயிரம் பெண்கள் தெருவுக்கு வந்தனர். பலர் கையில் சங்கு இருந்தது. அந்தியில் வீட்டுக்குள் ஊதப்படுவது அன்று நள்ளிரவில் நடுத்தெருவில் ஊதப்பட்டது. எந்த அயலானையும் அது சுட்டவில்லை. பணியிடம், வீடு, காவல், அரசு அனைத்தையும் நோக்கி எழுந்த ஒலி அது. நாடெங்கும் அது கேட்டது.

மூன்று நாள் கழித்து மாநில அரசு 'ராத்திரேர் சாதி', அதாவது இரவின் துணை, என்ற திட்டத்தை அறிவித்தது. பணிபுரியும் பெண்கள் தம் கைபேசியில் ஒரு செயலியை வைத்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள அபாய அறிவிப்பு உள்ளூர்க் காவல் நிலையத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். கூடியவரை பெண்களுக்கு இரவுப்பணி தவிர்க்கப்படும் என்றும் அதில் ஒரு பிரிவு இருந்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. 2025 ஜனவரி 20 அன்று சியால்தா நீதிமன்றம் இவ்வழக்கில் ஆயுள் தண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்டவர் கொல்கத்தா காவல்துறையோடு இணைந்து பணியாற்றிய குடிமைத் தன்னார்வலர்.